மாவடு சுருங்குவதுபோல்

நம்பிக்கை: உறையவைத்தால் ஸ்டெம் செல்லுக்குள் இருக்கும் தண்ணீர் பனிக்கட்டியாகி, செல் வெடித்துவிடும்.

உண்மை: ஃப்ரீசரில் மறந்துபோன பாட்டில் விரிசல் விட்டதைப் பார்த்தவர்கள் எளிதில் நம்பிவிடுவார்கள். ஆனால் ஸ்டெம் செல்கள் அடங்கிய தொப்புள்கொடி ரத்தத்தை நிமிடத்துக்கு 1 டிகிரி என்ற கணக்கில் மெல்லக் குளிர்விக்கும்போது பனி முதலில் பிடிப்பது செல்லுக்கு வெளியேதான். பனி தண்ணீரை மட்டும் எடுத்துக்கொள்ளும், உப்பை ஒதுக்கிவிடும். 0.9 சதவீத உப்புநீர் மைனஸ் 10 டிகிரிக்கு வரும்போது, உறையாமல் மிஞ்சியிருக்கும் நீரில் உப்பு கிட்டத்தட்ட 14 சதவீதம்!

அப்புறம் நடப்பது மாவடு போட்டவர்களுக்குத் தெரியும். கல்லுப்புப் போட்டுக் குலுக்கி வைத்த வடு இரண்டு மூன்று நாளில் தோல் சுருங்கிக் கிடக்கும். நாம் ஒரு சொட்டுகூட ஊற்றாத ஜாடியில் தண்ணீர் விட்டிருக்கும். செல்லும் இப்படித்தான் சவ்வு வழியே நீரை இழந்து சுருங்குகிறது. ரொம்பவும் மெதுவாகக் குளிர்வித்தால் அந்தக் கடும் உப்பில் நெடுநேரம் கிடந்து சாகும். அவசரப்பட்டால் நீர் வெளியேற நேரமில்லாமல் உள்ளேயே பனி பிடித்துச் சாகும். இந்த இருமுனை ஆபத்தைப் பீட்டர் மேஸரும் சக ஆய்வாளர்களும் 1972-இல் விளக்கினார்கள்.

நம்பிக்கை: டி.எம்.எஸ்.ஓ. சேர்த்தாயிற்று, இனி பயமில்லை.

உண்மை: உறையும் செல்லைக் காக்க 1959 முதல் பழக்கத்தில் இருக்கும் டைமெத்தில் சல்ஃபாக்சைடு என்ற இந்தத் திரவம் உப்பு ஏறுவதைத் தணிக்கிறது, நிஜம்தான். வழக்கமாக 10 சதவீதம் சேர்ப்பார்கள். ஆனால் அது செல்லுக்குள்ளும் நிறைந்திருக்கும். உருக்கிய செல்லைச் சட்டென்று சாதாரணக் கரைசலில் போட்டால், டி.எம்.எஸ்.ஓ. வெளியேறுவதற்குள் தண்ணீர் பாய்ந்து உள்ளே வந்துவிடும். உறையும்போது சுருங்கிப் பிழைத்த செல், இப்போது வீங்கிச் சவ்வு கிழிந்து சாகும். அதனால்தான் பையை 37 டிகிரி நீரில் வேகமாக உருக்கினாலும், பிறகு கரைசலைக் கொஞ்சங்கொஞ்சமாக, பையை அசைத்து அசைத்துச் சேர்க்கிறார்கள். உருக்குவதில் வேகம், கலப்பதில் நிதானம். இந்த வரிசை மாறக் கூடாது.

நம்பிக்கை: வருடக்கணக்கில் கிடந்தால் கெட்டுவிடும்.

உண்மை: மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வேதிவினைகள் ஏறக்குறைய நின்றேபோகின்றன. 21 முதல் 23.5 ஆண்டுகள் உறைந்திருந்த தொப்புள்கொடி ரத்தத்திலிருந்து வேலைசெய்யும் ஸ்டெம் செல்களை மீட்டதாக ஹால் ப்ராக்ஸ்மையர் குழு 2011-இல் காட்டியது. ஆபத்தெல்லாம் இறங்கும் வழியிலும் ஏறும் வழியிலும்தான், குறிப்பாக மைனஸ் 15-க்கும் மைனஸ் 60-க்கும் இடையே.

நம்பிக்கை: உருக்கியதும் உயிரோடு இருக்கிறதென்றால் பிழைத்துவிட்டது.

உண்மை: சாயம் ஏற்றிப் பார்க்கும் சோதனை, சவ்வு கிழிந்ததா என்று மட்டுமே சொல்லும். உறைதலில் அடிபட்ட செல்கள் பல மணி நேரம் கழித்து, சிலசமயம் மறுநாள், தம்மைத் தாமே அழித்துக்கொள்வதுண்டு. பிள்ளையின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சேமிக்கப் பணம் கட்டும் பெற்றோர், உயிரோடிருக்கும் செல் எத்தனை சதவீதம் என்பதோடு நிறுத்திவிட வேண்டாம். எப்போது எண்ணினார்கள், உருக்கிய மாதிரியை வளர்த்துப் பார்த்ததில் செல்கள் பெருகிக் கூட்டமாக வளர்ந்தனவா என்றும் கேளுங்கள்.