வீட்டில் நாஸ் வைக்கப் போகும் பிள்ளைகளுக்கு

2021 ஜூன் 1 முதல் கூகுள் ஃபோட்டோஸில் அளவில்லாத இலவச இடம் நின்றுபோனது. 15 ஜிபி நிறைந்ததும் காசு கட்டு, இல்லையென்றால் படத்தை அழி என்று ஆன பிறகுதான் ஊருக்கு வரும் பிள்ளைகள் பலர் என்னிடம் நாஸ் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள். நாஸ் என்பது வீட்டு ரவுட்டரோடு இணைந்து இரவு பகலாக ஓடும் ஒரு சின்னக் கணினி. அதற்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்கில் வீட்டார் எல்லோரும் அவரவர் போனிலிருந்தும் லேப்டாப்பிலிருந்தும் கோப்புகளைப் போடலாம், எடுக்கலாம். நான் தொலைபேசி நிலையத்தில் கம்பியும் எர்த்தும் பார்த்தே வேலைக்காலத்தைக் கழித்தவன். ஒக்கூரில் எங்கள் வீட்டிலும் பங்காளி வீடுகள் சிலவற்றிலும் இதை அமைத்துப் பராமரித்து வருகிறேன். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது இவ்வளவு.

1. பெட்டி வாங்கக் கடைக்குப் போகுமுன் வீட்டைச் சுற்றிப் பாருங்கள்.

போனில் உள்ள படங்கள் மட்டும்தான் சொத்து என்று நினைக்க வேண்டாம். அலமாரியில் ஆல்பங்கள் இருக்கும். ஐயா பர்மாவிலிருந்தோ மலேயாவிலிருந்தோ எழுதிய கடிதக் கட்டு இருக்கும். வீட்டுப் பத்திரம், பட்டா, திருமணத்தில் எழுதிய இசைபிடிமானம், பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிட்ட கல்யாண வீடியோ கேசட், ஆச்சி பாடிய தாலாட்டைப் பதிந்த ஆடியோ கேசட் எல்லாம் இருக்கும். கோட்டையூர் ரோஜா முத்தையா அவர்கள் புத்தகங்களோடு நாடக நோட்டீஸ், அழைப்பிதழ் என்று மற்றவர்கள் குப்பையில் போடுவதையும் சேர்த்து வைத்தார். அவர் 1992இல் மறைந்தபோது சேகரிப்பு ஒரு லட்சத்தைத் தொட்டிருந்தது. சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியும் வெளிநாட்டுக்குக் கொண்டுபோகாமல் சென்னையிலேயே 1994இல் ஆய்வு நூலகமாக நிறுத்தியது. இன்று தமிழ் ஆராய்ச்சி செய்கிறவர்கள் அந்தத் துண்டுக் காகிதங்களைத்தான் தேடிப் போகிறார்கள். உங்கள் வீட்டுக் காகிதமும் அந்த மாதிரிதான்.

பிறகு கணக்குப் போடுங்கள். போனில் எடுத்த படம் ஒன்று 4 எம்பி என்றால் ஒரு லட்சம் படத்துக்கு 400 ஜிபி. பழைய வீடியோ கேசட்டைத் தரம் குறையாமல் கணினியில் ஏற்றினால் மணிக்கு 13 ஜிபி வரை வரும். காகிதப் படங்களை 600 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் போதும். இதையெல்லாம் கூட்டினாலும் பெரும்பாலான குடும்பங்களுக்கு 4 டிபி டிஸ்க் இரண்டு தாராளம். அந்த 4 டிபி விண்டோஸில் 3.6 என்று தெரியும். கடைக்காரர் ஏமாற்றவில்லை, கம்பெனி ஆயிரத்தால் கணக்கிடுகிறது, விண்டோஸ் 1024ஆல் கணக்கிடுகிறது.

2. பழைய கணினி போதுமா என்று கேட்பவர்களுக்கு.

கற்றுக்கொள்ளப் போதும். ஓப்பன் மீடியா வால்ட், ட்ரூநாஸ் இரண்டும் இலவச மென்பொருள். அடுத்த அறையில் சும்மா கிடக்கும் டெஸ்க்டாப்பில் ஒன்றைப் போட்டு ஒரு மாதம் பழகுங்கள். ஆனால் மின்கணக்கையும் பாருங்கள். 60 வாட் இழுக்கும் பழைய கணினி இரவு பகலாக ஓடினால் இரண்டு மாதத்தில் 86 யூனிட். தமிழ்நாட்டில் வீட்டுக்கு இலவசமாகக் கிடைக்கும் 100 யூனிட்டை அது ஒன்றே கிட்டத்தட்டத் தின்றுவிடும். இரண்டு டிஸ்க் போடும் சினாலஜி, கியூநாப் போன்ற சின்னப் பெட்டி 20 வாட் அளவில் ஓடும். 29 யூனிட்டோடு முடிந்தது. பழகிய பிறகும் வேண்டும் என்று தோன்றினால் அப்போது பெட்டி வாங்குங்கள்.

3. டிஸ்க் வாங்கும்போது மாடல் எண்ணைப் படியுங்கள்.

எஸ்எம்ஆர் என்ற வகை டிஸ்கில், நாட்டு ஓடு வேய்ந்தது போல ஒரு தடத்தின் விளிம்பில் அடுத்த தடம் ஏறி நிற்கும். நடுவில் ஒன்றை மாற்ற வேண்டுமானால் பக்கத்தில் இருப்பதையும் கலைத்து எழுத வேண்டும். அதனால் நாஸில் ஒரு டிஸ்க் கெட்டு, புதிதை மாற்றி எல்லாவற்றையும் மறுபடி எழுதும் நேரத்தில் அது திணறும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், நாஸுக்கென்றே விற்ற ரெட் வரிசையில் சில மாடல்கள் எஸ்எம்ஆர்தான் என்று ஒப்புக்கொண்டது. ஆகவே பெட்டியின் நிறத்தைப் பார்த்து வாங்காமல், தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகை என்று நிறுவனமே எழுதியிருக்கும் மாடலாகப் பார்த்து வாங்குங்கள். இரண்டு டிஸ்கையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காமல் இருப்பதும் நல்லது. ஒரே நாளில் தயாரானவை ஒரே சமயத்தில் கெடலாம்.

4. ரவுட்டருக்குப் பக்கத்திலேயே வையுங்கள், கேபிளால் இணையுங்கள்.

நம் பக்கத்துச் சுவர்கள் தடிமனானவை. முகப்பில் இருக்கும் வைஃபை வளவைத் தாண்டி இரண்டாம் கட்டுக்குள் போவதற்குள் தேய்ந்துவிடும். ஜிகாபிட் லேன் கேபிளில் நொடிக்கு 110 எம்பி அளவுக்குக் கோப்பு நகரும். முதல்முறை மொத்தப் படங்களையும் ஏற்றும்போது அந்த வேகம் வேண்டும். கேட்6 கேபிளைப் பிவிசி குழாய்க்குள் விட்டுச் சுவரோரமாகக் கொண்டுபோங்கள். வெறுமனே விட்டால் எலி கடிக்கும். தேக்கு நிலையில் ஓட்டை போடாதீர்கள். கேபிளுக்கு ஆயிரம் வழி உண்டு. அந்த நிலையைத் திரும்பச் செய்துதர இன்று ஆள் கிடைப்பது அரிது.

பரணும் மூடிய அலமாரியும் வேண்டாம். சித்திரை வெயிலில் காற்றில்லாத இடத்தில் டிஸ்க் 50 டிகிரியைத் தாண்டும். 45க்குக் கீழே இருக்கிறதா என்று நாஸின் நிர்வாகப் பக்கத்திலேயே பார்த்துக்கொள்ளலாம்.

5. மின்சாரத்தை முதலில் சரி செய்யுங்கள். இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

நான் பார்த்தவரை நம் ஊர்களில் இந்தப் பெட்டிகள் கெடுவது பெரும்பாலும் மின்சாரத்தால்தான். டிஸ்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் பாதி எழுதிய கோப்பு கெடும். சமயத்தில் டிஸ்கில் உள்ள கோப்பு அடுக்கு மொத்தமும் குழம்பும். வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். கரண்டிலிருந்து பேட்டரிக்கு மாறும் அந்தக் கண நேரத்திலேயே சில கணினிகள் அணைந்து எழும். பேட்டரி தீரப்போகிறது என்று நாஸுக்குச் சொல்லவும் சாதாரண இன்வெர்ட்டருக்குத் தெரியாது. யுஎஸ்பி வயர் உள்ள 600 விஏ யுபிஎஸ் ஒன்றை நாஸுக்கும் ரவுட்டருக்கும் என்று தனியாக வாங்குங்கள். அந்த வயரை நாஸில் சொருகி, பேட்டரி குறைந்தால் தானே ஒழுங்காக அணைந்துகொள்ளும்படி அமைத்துவிடலாம். யுபிஎஸ் பேட்டரி சில வருடத்தில் சோர்ந்துபோகும், அதையும் மாற்ற வேண்டும்.

அடுத்தது எர்த். பழைய வீடுகளில் மூன்று ஓட்டை பிளக் இருக்கும், மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் வயரே இருக்காது. எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டுச் சோதியுங்கள். குழி வெட்டி, கரியும் உப்பும் போட்டு, குழாய் இறக்கி எர்த் போடுவது ஒரு நாள் வேலை. கோடையில் அந்தக் குழிக்குத் தண்ணீர் ஊற்ற மறக்கக் கூடாது. காய்ந்த மண்ணில் எர்த் இருந்தும் இல்லாதது மாதிரிதான்.

ஐப்பசி கார்த்திகையில் இடி இறங்கும் மாலைகளில் பிளக்கைப் பிடுங்கினால் மட்டும் போதாது. லேன் கேபிளையும் கழற்றுங்கள். ஃபைபர் கண்ணாடிதானே, அதில் மின்னல் வராது என்று நினைக்கிறார்கள். கண்ணாடி இழை கடத்தாது, உண்மை. கம்பத்திலிருந்து அதைத் தாங்கி வரும் எஃகுக் கம்பி கடத்தும். அந்தக் கம்பியை வீட்டுக்கு வெளியிலேயே கட்டி முடித்திருக்கிறார்களா என்று இணைப்புக் கொடுக்க வந்த தம்பியிடம் கேட்டுப் பாருங்கள்.

6. இரண்டு டிஸ்கில் ஒரே கோப்பு இருப்பது பேக்கப் ஆகாது.

இதை மட்டும் கேட்டுக்கொண்டு மற்றதையெல்லாம் மறந்தாலும் எனக்கு வருத்தமில்லை. ரெய்டு 1 என்றால் ஒரு டிஸ்கில் எழுதுவது அப்படியே மற்றதிலும் எழுதப்படும். ஒன்று செத்தால் மற்றது கை கொடுக்கும். அவ்வளவுதான் அதன் வேலை. நீங்கள் தவறி ஒரு ஆல்பத்தை அழித்தால் இரண்டிலும் அதே நொடியில் அழியும். திருடன் பெட்டியோடு தூக்கிப் போனால் இரண்டும் போகும்.

எதை வைத்துப் பொருள் காலத்தைத் தாண்டுகிறது என்பதற்கு நம் ஊரிலேயே கணக்கு இருக்கிறது. ஒக்கூர் மாசாத்தியார் பாடியதாக நமக்குக் கிடைத்திருப்பவை எட்டுப் பாடல்கள். அவற்றில் ஒன்று புறநானூற்றின் 279ஆம் பாட்டு. அதே நூலில் 267, 268ஆம் பாடல்கள் இல்லை. உ.வே.சாமிநாதையர் ஊர் ஊராக ஏடு தேடி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்தார். அந்த இரண்டு பாட்டும் கிடைக்கவேயில்லை. ஓலை எப்படியும் செல்லரித்துப்போகும். யாரோ பெயர் தெரியாத ஒருவர் உட்கார்ந்து படியெடுத்ததால், அந்தப் படி வேறொரு ஊரில் இருந்ததால், மாசாத்தியார் பாட்டு நமக்கு மிஞ்சியது.

யாழ்ப்பாணப் பொது நூலகம் 1981இல் எரிக்கப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. வேறெங்கும் படி இல்லாத சுவடிகளும் அதில் இருந்தன. 2005இல் தொடங்கிய நூலகம் திட்டம் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் மின்வடிவில் ஏற்றி, யாரும் எங்கிருந்தும் எடுத்துக்கொள்ள விட்டிருக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் தரைத்தளத்து வீடுகளில் ஆல்பமும் சான்றிதழும் கணினியும் ஒன்றாகவே நனைந்தன.

ஆகவே மூன்று படி வையுங்கள். நாஸில் ஒன்று. யுஎஸ்பி டிஸ்கில் ஒன்று, மாதம் ஒருமுறை சொருகி நகலெடுத்ததும் கழற்றி வைத்துவிட வேண்டும். மூன்றாவது வேறு ஊரில் இருக்க வேண்டும். நம் குடும்பங்கள் ஒரே ஊரில் இருப்பதில்லை என்பது இந்த ஒரு காரியத்துக்கு வசதி. சென்னையில் இருக்கும் அண்ணன் வீட்டிலோ சிங்கப்பூரில் இருக்கும் அத்தை வீட்டிலோ இன்னொரு சின்ன நாஸை வைத்து, இரவு நேரத்தில் ஒன்றுக்கொன்று நகலெடுக்கச் செய்யலாம். முடியாதவர்கள் திருவிழாவுக்கு வந்து போகும் உறவினர் கையில் ஒரு டிஸ்கைக் கொடுத்தனுப்பினாலும் சரிதான்.

7. நாஸை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.

வெளியூரிலிருந்தும் படம் பார்க்க ஆசை வரும். ரவுட்டரில் போர்ட் திறந்துவிடு என்று யாராவது வீடியோவில் சொல்லியிருப்பார்கள். செய்யாதீர்கள். 2021 ஜூனில் மை புக் லைவ் என்ற பெட்டி வைத்திருந்தவர்கள் பலர் காலையில் எழுந்து பார்த்தபோது எல்லாம் துடைத்தெடுக்கப்பட்டிருந்தது. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற கும்பல் இணையத்துக்குத் திறந்திருந்த கியூநாப் பெட்டிகளைப் பூட்டி, திறக்க 0.03 பிட்காயின் கேட்டது. டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் போட்டுக்கொண்டால் போர்ட் திறக்காமலே உங்கள் போன் வீட்டு நாஸைப் பார்க்கும். பொது ஐபி தராத இணைப்புகளில்கூட டெயில்ஸ்கேல் வேலை செய்கிறது. அட்மின் என்ற பெயரையும் உடன் வந்த பாஸ்வேர்டையும் முதல் நாளே மாற்றுங்கள். அப்டேட் வந்தால் போடுங்கள்.

8. ஸ்னாப்ஷாட் வசதியை முதல் நாளே போட்டு வையுங்கள். அழித்த கோப்பு நேற்றைய நிலையில் திரும்பக் கிடைக்கும்.

9. வீட்டில் ஆளுக்கொரு கணக்கு கொடுங்கள். பழைய படங்கள் உள்ள பகுதியில் எல்லோருக்கும் பார்க்க மட்டும் உரிமை, அழிக்கும் உரிமை ஒருவருக்கு. குழந்தைகள் கையில் போன் இருக்கும் வீடுகளில் இது அவசியம்.

10. ஆயுத பூஜை அன்று சோதித்துப் பாருங்கள்.

பேக்கப் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் பலர், எடுத்துப் பார்த்தவர்கள் சிலர். அன்றைக்கு எப்படியும் எல்லா இயந்திரத்தையும் துடைப்போம். நாஸின் தூசியைத் தட்டி, யுஎஸ்பி டிஸ்கிலிருந்து பத்துப் படத்தையும் ஒரு வீடியோவையும் வேறு கணினியில் திறந்து பாருங்கள். திறந்தால்தான் அது பேக்கப். சந்தனத்தைக் காற்றோட்ட ஓட்டையில் வைக்காமல் மேல்மூடியில் வையுங்கள். டிஸ்கின் உடல்நிலையைப் பார்க்கும் ஸ்மார்ட் சோதனையும், எழுதியதைப் படித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப்பும் மாதம் ஒருமுறை தானாக நடக்கும்படி போட்டுவைத்தால், கெடப்போகும் டிஸ்க் பல சமயம் முன்கூட்டியே தெரியும்.

11. பாஸ்வேர்டைத் தாளில் எழுதிப் பெட்டகசாலை இரும்புப் பெட்டியில் வையுங்கள்.

பெட்டி எங்கே இருக்கிறது, எந்த முகவரியில் திறக்க வேண்டும், அட்மின் பெயர், பாஸ்வேர்ட், மூன்றாவது படி யார் வீட்டில் இருக்கிறது என எல்லாவற்றையும் தமிழில், கணினி தெரியாதவருக்கும் விளங்கும்படி எழுதுங்கள். வீட்டில் இன்னும் இருவருக்கு அதைக் காட்டுங்கள். அமைத்தவர் ஒருவருக்கு மட்டுமே தெரிந்திருந்தால், அவருக்கு ஒன்று ஆன மறுநாள் அது வீட்டாருக்குத் திறக்காத இரும்புதான். மென்பொருளில் குறியாக்கம் போட்டிருந்தால் அந்தச் சாவி இல்லாமல் யாராலும் திறக்க முடியாது, பணம் கொடுத்தாலும் முடியாது.

12. கோப்புக்குப் பெயர் வையுங்கள். இதற்குத்தான் அவசரம்.

ஆண்டு முதலில் வரட்டும்: 1962, பிறகு ஊர், பிறகு நிகழ்ச்சி, பிறகு படத்தில் இருப்பவர்கள், இடமிருந்து வலமாக. எத்தனை பெரிய டிஸ்க் வாங்கினாலும், பெயர் தெரியாத முகங்கள் நிறைந்த ஆல்பத்தால் பேரப்பிள்ளைக்குப் பயனில்லை. டிஸ்கை அடுத்த வருடம் வாங்கலாம். அந்த முகங்களை அடையாளம் காட்டக்கூடிய அப்பத்தாவும் பெரியப்பாவும் இப்போது எழுபதிலும் எண்பதிலும் இருக்கிறார்கள். நாஸ் வருவதற்குக் காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமையே ஓர் ஆல்பத்தை எடுத்துக்கொண்டு அவர்கள் பக்கத்தில் உட்காருங்கள், சொல்லச் சொல்லப் பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள்.