முனியம்மாவைத் தேடி: பழைய பதிவேடுகளில் ஒரு பெண்ணைக் கண்டுபிடிப்பது எப்படி?

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் வசிக்கும் நண்பர் ஒருவர் எனக்கு மின்னஞ்சல் அனுப்பியிருந்தார். "என் தாயாருக்கு 84 வயதாகிறது. தன் பாட்டி எந்த ஊரிலிருந்து வந்தார் என்று கேட்டுக் கொண்டே இருக்கிறார். உங்களுக்குக் கம்ப்யூட்டரும் தெரியும், தமிழ்நாட்டு ஊர்ப் பெயர்களும் தெரியும். உதவ முடியுமா?" என்று கேட்டிருந்தார். அந்தப் பாட்டியின் பெயரை இங்கே முனியம்மா என்று வைத்துக் கொள்வோம். தேடிய வழியைப் படிப்படியாகத் தருகிறேன். உங்களுக்கும் பயன்படலாம்.

முதலில் சிறிது வரலாறு. நேட்டால் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளை ஏற்றிச் சென்ற முதல் கப்பல் ‘ட்ரூரோ’. சென்னையிலிருந்து புறப்பட்டு, 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது. 1911 வரை ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இப்படிப் போனார்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் கொடுக்கப்பட்டது. கைக்குழந்தைக்கும் தனி எண் உண்டு. கப்பல் பட்டியலில் எண், பெயர், தந்தை பெயர், வயது, பாலினம், சாதி, ஜில்லா, தானா, கிராமம், உடல் அடையாளம் எனப் பல விவரங்கள் இருக்கும். இந்தப் பட்டியல்கள் பின்னர் கம்ப்யூட்டரில் ஏற்றப்பட்டன. அதில் ஒரு பகுதியை நண்பர் எக்ஸெல் பைலாக அனுப்பினார்.

படி 1: பெயரைக் கொண்டு தேடுதல்

நம்மவர் சொன்ன பெயரை எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதினார்கள். முனியம்மா என்ற பெயரில் எம் எழுத்துக்குப் பின் யூ வரலாம், இரண்டு ஓ வரலாம். கடைசியில் எச் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எனவே முழுப் பெயரை டைப் செய்து தேட வேண்டாம். எக்ஸெல்லில் டேட்டா டேப் சென்று பில்டர் கிளிக் செய்திடவும். பெயர் நெடுவரிசையின் தேடல் கட்டத்தில் எம், நட்சத்திரக் குறி, என், நட்சத்திரக் குறி என வரிசையாக டைப் செய்திடவும். நட்சத்திரக் குறி எத்தனை எழுத்துகளுக்கும் ஈடாக நிற்கும். கேள்விக்குறி ஓர் எழுத்துக்கு மட்டும். பிறகு பாலினம் நெடுவரிசையில் பெண்களை மட்டும் தேர்ந்தெடுக்கவும். இல்லாவிட்டால் முனியன்கள் எல்லாரும் வந்து நிற்பார்கள்.

இப்படித் தேடியதில் எனக்கு நூற்றுக்கும் மேற்பட்ட வரிகள் கிடைத்தன. பெயர் மட்டும் போதாது என்று புரிந்தது.

படி 2: எண்ணைக் கொண்டு தேடுதல்

நண்பரின் வீட்டுத் தகரப் பெட்டியில், ஒப்பந்தம் முடிந்தபோது பாட்டியின் கணவருக்குக் கொடுத்த தாள் ஒன்று இருந்தது. அதில் அவருடைய எண் இருந்தது. குடும்பமாக வந்தவர்களுக்கு எண்கள் அடுத்தடுத்து இருக்கும். "பாட்டியைத் தாத்தாதான் அழைத்து வந்தார்" என்பது அவர்கள் வீட்டில் வழிவழியாகச் சொல்லப்பட்ட செய்தி. எனவே தாத்தாவின் எண்ணுக்கு முன்னும் பின்னும் பத்துப் பத்து வரிகள் பார்த்தேன். பெண்ணே இல்லை. அவர் 1889ல் தனி ஆளாக வந்திருந்தார்.

இங்கேதான் நான் தவறு செய்தேன் என்று உணர்ந்தேன். கணவர் வழியாகவே மனைவியைத் தேடிக் கொண்டிருந்தேன். அந்தப் பெண்ணுக்கும் சொந்தமாக ஓர் எண் இருந்திருக்குமே!

படி 3: இறப்பிலிருந்து பின்னோக்கி வருதல்

பேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகக் கணக்குத் தொடங்கலாம். அதில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் சொத்துக் கோப்புகள் 1846 முதல் 1950 வரை உள்ளன. சொத்து வைத்து இறந்தவரின் கோப்பில் இறப்பு அறிவிப்புப் படிவம் இருக்கும். பெற்றோர், துணைவர், பிள்ளைகள் பெயரெல்லாம் அதில் வரும். முனியம்மா சிறு மனை ஒன்றை விட்டுச் சென்றிருந்தார். எனவே அவர் பெயரிலேயே கோப்பு இருந்தது. 1931ல் இறந்திருக்கிறார். வயது 65 என்று எழுதியிருந்தது. பக்க ஓரத்தில் அவருடைய எண்ணும் இருந்தது.

அந்த எண்ணை எக்ஸெல்லில் பில்டர் செய்தேன். ஒரே ஒரு வரி. 1884ல் வந்தவர், வயது 22, ஜில்லா வட ஆற்காடு, தானா போளூர். இடது முன்கையில் பச்சை குத்தியிருந்தது என்ற குறிப்பு. அடுத்த எண், அதே கிராமத்தைச் சேர்ந்த இரண்டு வயதுச் சிறுவன்.

படி 4: சரிபார்த்தல்

ஒரு பதிவை மட்டும் நம்பக் கூடாது. இரண்டிலும் எவை பொருந்துகின்றன என்று பாருங்கள். கப்பல் கணக்குப்படி அவர் பிறந்தது 1862 வாக்கில், இறப்புப் படிவப்படி 1866 வாக்கில். வயதில் நான்கைந்து ஆண்டு வித்தியாசம் சாதாரணம். ஆனால் தந்தை பெயர் இரண்டிலும் ஒன்றே. சொத்துக் கோப்பில் மூத்த மகன் என்று எழுதியிருந்த பெயர்தான் கப்பலில் வந்த சிறுவனின் பெயர். இனிச் சந்தேகமில்லை.

ஊரைத் தேடும்போது ஜில்லா பெயரை அப்படியே இன்றைய வரைபடத்தில் போடாதீர்கள். வட ஆற்காடு 1989ல் பிரிக்கப்பட்டது. போளூர் இப்போது திருவண்ணாமலை மாவட்டத்தில் இருக்கிறது. கிராமத்தின் பெயரை வாய்விட்டு நாலைந்து விதமாகச் சொல்லிப் பார்த்தபடி, போளூரைச் சுற்றி வரைபடத்தில் தேடினேன். அரை மணி நேரத்தில் ஊர் கிடைத்தது.

ஆனால் நண்பருக்கு எழுதத் தயங்கினேன். தாத்தா வருவதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, கையில் ஒரு குழந்தையோடு, கணவர் துணையில்லாமல் வந்தவர் அந்தப் பாட்டி. நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களாவது போக வேண்டும் என்ற விதி இருந்ததால் இப்படிப் போன பெண்கள் பலர் உண்டு. என்றாலும் வீட்டுக் கதை பொய்யாகிறதே! கடைசியில் உள்ளதை உள்ளபடியே எழுதினேன்.

இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது. தாயார் வெகு நேரம் பேசாமல் இருந்தாராம். பிறகு, "அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டுத் தனியாவா கப்பல் ஏறினாங்க?" என்று கேட்டாராம். அந்த ஒரு வரியைப் பெரிய எழுத்தில் பிரிண்ட் எடுத்துத் தாத்தாவின் படத்துக்குப் பக்கத்தில் மாட்டச் சொல்லியிருக்கிறார்.

உங்கள் வீட்டிலும் "இன்னாரின் மனைவி" என்று மட்டுமே அறியப்பட்ட ஒருவர் இருப்பார். பெரியவர்களிடம் அவருடைய சொந்தப் பெயரை இன்றே கேட்டு ஒரு பைலில் டைப் செய்து வையுங்கள். பழைய தாள்களை ஸ்கேன் செய்து சேவ் செய்திடவும். பேக் அப் எடுக்க மறக்க வேண்டாம்.