வரி திரும்பி வருமா, கட்ட வேண்டி வருமா?



நான் தொழிலால் ஒரு கணக்கர். ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில் எங்கள் கிளை இளைஞர்களுக்கு வருமான வரி பாரம் நிரப்ப உதவி செய்கிறேன். "அக்கா, எனக்கு ரீஃபண்ட் எவ்வளவு வரும்?" என்று எல்லாரும் சத்தமாகவே கேட்பார்கள். இன்னொரு கேள்வி மட்டும் மெதுவாகத்தான் வரும்: "அக்கா, எனக்குக் கட்டச் சொல்லி வருது. நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

இந்த மாதப் பாடம் அந்த இரண்டு கேள்விகளுக்கும் பொதுவானது. ரீஃபண்ட் என்பது பரிசு இல்லை. பாக்கி என்பது தண்டனையும் இல்லை. ஒரே கணக்குக்கு வரக்கூடிய இரண்டு விடைகள் அவை. எந்த விடை ஏன் வந்தது என்று தெரிந்துகொண்டால் பயமும் போகும், பேராசையும் போகும்.

1. மாதாமாதம் பிடிப்பது என்ன?

சம்பளச் சீட்டில் பி.சி.பி. என்று ஒரு வரி இருக்கும். மாதாந்திர வரிப் பிடித்தம் என்பது அதன் பொருள். 1995ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் இந்த முறை நடப்பில் உள்ளது. முதலாளி உங்கள் சம்பளத்தில் ஒரு தொகையைப் பிடித்து, உங்கள் பெயரில் உள்நாட்டு வருமான வரி வாரியத்துக்கு அனுப்புகிறார்.

இதை நம் அன்னதானக் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மளிகைச் சாமான் வாங்கப் பொருளாளர் ஒருவரிடம் 1,000 ரிங்கிட் முன்பணம் கொடுக்கிறார். பில் 850 ரிங்கிட் என்றால் மீதி 150 ரிங்கிட் பொருளாளரிடம் திரும்பி வரும். பில் 1,120 ரிங்கிட் என்றால் பொருளாளர் இன்னும் 120 ரிங்கிட் தர வேண்டும். 150 திரும்பி வந்ததற்காக யாரும் லாபம் என்று சொல்வதில்லை. 120 கூடக் கொடுத்ததற்காக யாரும் அழுவதும் இல்லை. பி.சி.பி. அந்த முன்பணம். ஆண்டு முடிந்து நீங்கள் அனுப்பும் பி.இ. பாரம்தான் பில்லைப் பார்த்துக் கணக்கை நேர் செய்யும் வேலை.

முதலாளிக்கு என்ன தெரியும்? உங்கள் சம்பளம், இ.பி.எஃப். சந்தா, திருமணமானவரா, எத்தனை பிள்ளைகள் என்பது தெரியும். அம்மாவின் மருத்துவச் செலவு, நீங்கள் வாங்கிய புத்தகம், கைபேசி, இதற்கு முன் பார்த்த வேலை, சனிக்கிழமை சொல்லிக்கொடுக்கும் டியூஷன், இவையெல்லாம் நீங்கள் சொன்னாலொழிய அவருக்குத் தெரியாது. தெரியாத இடத்தில்தான் கூடுதல் குறைவு வருகிறது.

2. திரும்பி வரும் கணக்கு

திருமணமாகாத ஒரு தங்கை, ஆண்டு முழுவதும் மாதம் 5,500 ரிங்கிட் சம்பளம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். 2024ஆம் மதிப்பீட்டு ஆண்டின் விகிதப்படி கணக்குப் போடுகிறேன். சொக்சோ கழிவை எளிமைக்காக விட்டுவிடுகிறேன்.

ஆண்டுச் சம்பளம்: ரி.ம. 66,000
தனிநபர் கழிவு: ரி.ம. 9,000
இ.பி.எஃப். கழிவு, உச்ச வரம்பு: ரி.ம. 4,000
வரிக்குரிய வருமானம்: ரி.ம. 53,000

முதல் 5,000க்கு வரி இல்லை. அடுத்த 15,000க்கு 1 விழுக்காடு, அடுத்த 15,000க்கு 3 விழுக்காடு, அதற்கடுத்த 15,000க்கு 6 விழுக்காடு. ஆக முதல் 50,000க்கு வரி 1,500 ரிங்கிட். மீதி 3,000க்கு 11 விழுக்காடு, அதாவது 330 ரிங்கிட். மொத்தம் 1,830 ரிங்கிட். முதலாளி மாதம் 152.50 ரிங்கிட் பிடித்து இதைக் கட்டிவிட்டார்.

ஆனால் அந்த ஆண்டில் தங்கை அம்மாவின் மருத்துவத்துக்கு 3,000 ரிங்கிட் செலவு செய்திருக்கிறார். பெற்றோர் மருத்துவக் கழிவுக்கு 8,000 வரை இடம் உண்டு. புத்தகம், மடிக்கணினி, இணையக் கட்டணம் எல்லாம் சேர்த்து வாழ்க்கைமுறைக் கழிவின் வரம்பான 2,500 ரிங்கிட்டும் நிறைந்துவிட்டது. இந்த 5,500 ரிங்கிட்டையும் கழித்தால் வரிக்குரிய வருமானம் 47,500. வரி 1,350 ரிங்கிட்தான். எனவே 480 ரிங்கிட் திரும்பி வரும்.

இந்த 480 யாருடைய பணம்? தங்கையின் சொந்தப் பணம். அவர் தேவைக்கு மேல் கொடுத்து வைத்திருந்தது. இதுபோன்ற செலவுகளை ஆண்டு நடுவிலேயே டி.பி.1 பாரத்தில் எழுதி முதலாளியிடம் கொடுக்கலாம். பிடித்தம் அப்போதே குறையும். உங்கள் அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

இன்னொரு நிலையும் உண்டு. அதே தங்கை மே மாதத்தோடு வேலையை விட்டு மேற்படிப்புக்குப் போய்விட்டார் என்றால், ஐந்து மாதத்தில் பிடித்தது 762.50 ரிங்கிட். ஐந்து மாதச் சம்பளத்துக்குக் கணக்குப் பார்த்தால், வரிக்குரிய வருமானம் 35,000க்குள் இருப்போருக்குக் கிடைக்கும் 400 ரிங்கிட் தள்ளுபடியால் வரியே இல்லை. பிடித்தது முழுவதும் திரும்பி வரும். ஆனால் பாரம் அனுப்பினால்தான் வரும். "நான்தான் இப்போ வேலையில இல்லையே, எதுக்குப் பாரம்?" என்று விட்டுவிடாதீர்கள்.

3. கட்ட வேண்டி வரும் கணக்கு

இந்தப் பகுதியைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். நம் இளைஞர்கள் அதிகம் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

ஒரு தம்பி ஜனவரி முதல் ஜூன் வரை 4,500 ரிங்கிட் சம்பளத்தில் இருந்தார். ஜூலையில் 6,000 ரிங்கிட் சம்பளத்துக்கு வேறு நிறுவனத்துக்கு மாறினார். வீட்டில் எல்லாருக்கும் சந்தோஷம்.

முதல் முதலாளி, இவர் ஆண்டு முழுவதும் 4,500 வாங்குவார் என்று நினைத்து மாதம் 80 ரிங்கிட் பிடித்தார். ஆறு மாதத்துக்கு 480 ரிங்கிட். இரண்டாவது முதலாளிக்குப் பழைய சம்பளம் தெரியாது. கணினியைப் பொறுத்தவரை தம்பி ஜூலையில்தான் சம்பாதிக்கவே தொடங்கினார். ஆறு மாதச் சம்பளம் 36,000. அதில் தனிநபர் கழிவு 9,000, இ.பி.எஃப். 3,960 போனால் 23,040. அதற்கு வரி 241.20. 400 ரிங்கிட் தள்ளுபடி கொடுத்தால் பிடிக்க ஒன்றுமில்லை. சம்பளம் கூடியது, பி.சி.பி. பூஜ்யமாகிவிட்டது!

ஆண்டுக் கணக்கு என்ன சொல்கிறது? 27,000ம் 36,000ம் சேர்த்து 63,000. கழிவு 13,000 போக 50,000. வரி 1,500. கட்டியது 480. பாக்கி 1,020 ரிங்கிட்.

கவனியுங்கள், இதில் யாரும் ஏமாற்றவில்லை. தம்பியும் இல்லை, இரண்டு முதலாளிகளும் இல்லை. இரண்டு பேருமே தனிநபர் கழிவைக் கொடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான். இதைத் தடுக்க ஒரு தாள் போதும். அது டி.பி.3 பாரம். அந்த ஆண்டில் பழைய இடத்தில் வாங்கிய சம்பளம், இ.பி.எஃப்., பிடித்த வரி ஆகியவற்றை அதில் எழுதிப் புதிய முதலாளியிடம் கொடுக்க வேண்டும். வேலை மாறும் ஒவ்வொருவரும் புதிய இடத்தில் சேரும் அன்றே இதைக் கேளுங்கள்.

டியூஷன், வாடகை, இ-ஹெய்லிங் போன்ற கூடுதல் வருமானத்திலும் யாரும் வரி பிடிப்பதில்லை. அதற்கும் பாக்கி வரலாம். தொழில் வருமானம் உள்ளவர்கள் பி.இ. பாரம் அல்ல, பி. பாரம் நிரப்ப வேண்டும்.

4. பாக்கி வந்தால் என்ன செய்வது?

முதலில், பாரத்தை அனுப்பிவிடுங்கள். பணம் கையில் இல்லை என்பதற்காகப் பாரத்தை மறைத்து வைப்பது பிரச்சனையை இரண்டாக்கும். பாரம் அனுப்பாதது ஒரு குற்றம். வரியைத் தாமதமாகக் கட்டுவதற்குத் தனியாக 10 விழுக்காடு அபராதம். நம் தம்பிக்கு அது 102 ரிங்கிட்.

பி.இ. பாரத்துக்குக் கடைசி நாள் ஏப்ரல் 30. இ-ஃபைலிங் வழி அனுப்புவோருக்கு மே 15 வரை வாரியம் சலுகை நாள் கொடுத்து வருகிறது. பி. பாரத்துக்கு ஜூன் 30. மைடெக்ஸ் தளத்திலேயே வங்கிக் கணக்கு வழி பணம் கட்டலாம். மொத்தமாகக் கட்ட முடியாதென்றால் வாரியத்திடம் தவணை கேட்டு விண்ணப்பிக்கலாம். நேரில் போய்ப் பேசுவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பாக்கியைக் கண்டுகொள்ளாமல் விட்டால், வாரியம் உங்கள் முதலாளிக்கே சி.பி.38 என்ற உத்தரவை அனுப்பிச் சம்பளத்தில் பிடிக்கச் சொல்லலாம். 1967ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 104ஆம் பிரிவு, வரி பாக்கி உள்ளவர் நாட்டை விட்டு வெளியேறுவதைத் தடுக்கவும் இடம் தருகிறது. ஜொகூர் பாருவில் குடியிருந்து சிங்கப்பூரில் வேலை செய்யும் ஒருவருக்கு அது பிழைப்பையே நிறுத்திவிடும்.

5. "கூடுதலா வாங்கித் தர்றேன்" என்பவர்கள்

"உன் மைடெக்ஸ் கடவுச்சொல்லைக் கொடு, ரெண்டாயிரம் ரீஃபண்ட் வாங்கித் தர்றேன், எனக்குப் பத்து விழுக்காடு" என்று சொல்பவர்கள் உண்டு. அவர்கள் செய்வது ஒன்றுதான். செய்யாத செலவைச் செய்ததாக எழுதுவார்கள். பணமும் முதலில் வந்துவிடும். ஏனென்றால் பாரத்தோடு ரசீது அனுப்ப வேண்டியதில்லை. ஆனால் ரசீதுகளை 7 ஆண்டு வைத்திருக்க வேண்டும், வாரியம் எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம். அப்படிக் கேட்கும்போது அந்த ஆள் இருக்கமாட்டார். பாரத்தில் இருப்பது உங்கள் பெயர். குறைத்துக் காட்டிய வரியைக் கட்டுவதோடு, அதற்குச் சமமான தொகை வரை அபராதமும் விழலாம்.

கோயில் நன்கொடை பற்றியும் கேட்கிறீர்கள். அர்ச்சனைச் சீட்டும் உண்டியலில் போட்ட பணமும் வரிக் கழிவில் சேராது. சட்டத்தின் 44(6) பிரிவின்படி அங்கீகாரம் பெற்ற அமைப்புக்குக் கொடுத்து, அந்த அங்கீகாரம் குறிப்பிட்ட ரசீது பெற்றிருந்தால்தான் கழிக்கலாம். கோயில் அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். அங்கீகாரம் இல்லாத கோயிலுக்குக் கொடுத்தது வீண் என்று பொருள் இல்லை. அந்தப் புண்ணியத்துக்கு பி.இ. பாரத்தில் கட்டம் இல்லை, அவ்வளவுதான். சாமிக்குக் கொடுத்ததை வைத்தே பொய்க் கணக்கு எழுதுவது மட்டும் நமக்கு வேண்டாம்.

6. ரீஃபண்ட் வருகிறவர்களுக்கு

பாரத்தில் வங்கிக் கணக்கு எண்ணை இரண்டு முறை சரிபாருங்கள். எண் தவறினால் பணம் தாமதமாகும். பழைய வரி பாக்கி இருந்தால் வாரியம் அதை முதலில் கழித்துக்கொள்ளலாம். ஆகவே பணம் கணக்கில் ஏறும் முன் அதை நம்பிக் கடன் வாங்காதீர்கள். "உங்கள் வரிப் பணம் தயார், இங்கே அழுத்தவும்" என்று வரும் குறுஞ்செய்திகளைத் தொடாதீர்கள். நிலவரத்தை நீங்களே மைடெக்ஸ் தளத்துக்குள் போய்ப் பாருங்கள்.

பயிற்சி

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு முன் இவற்றைச் செய்து வாருங்கள்:

அ. உங்கள் இ.ஏ. பாரத்தை எடுங்கள். முதலாளி அதைப் பிப்ரவரி இறுதிக்குள் தந்திருக்க வேண்டும். ஆண்டு முழுவதும் பிடித்த பி.சி.பி. எவ்வளவு என்று அதில் பாருங்கள்.

ஆ. மேலே காட்டிய முறையில் உங்கள் வரியை ஒரு தாளில் நீங்களே கணக்குப் போடுங்கள்.

இ. இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை எழுதுங்கள். திரும்பி வருமா, கட்ட வேண்டுமா? ஏன் என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்.

ஈ. ஒரு பழைய பிஸ்கட் டின்னில் ஆண்டு வாரியாக ரசீதுகளைப் போட்டு வையுங்கள். சில ரசீதுகளில் மை மங்கிவிடும், எனவே கைபேசியில் படமும் எடுத்து வையுங்கள்.

உ. இந்த ஆண்டு வேலை மாறிய நண்பர் யாராவது இருந்தால், டி.பி.3 பாரம் கொடுத்தாரா என்று இன்றே கேளுங்கள். டிசம்பருக்கு முன் கேட்டால் இன்னும் சரிசெய்ய நேரம் இருக்கும்.