தயிர்சாதம் மட்டும் போதாது: நாய்க்குச் சைவச் சமையல்

மணவூரிலும் திருத்தணி வட்டாரத்திலும் கவிச்சி புழங்காத வீடுகளில் நாயின் தட்டில் விழுவது பெரும்பாலும் தயிர்சாதம்தான். நாய்க்குச் சோறு செரிக்காது என்பவர்கள் சொல்வது சரியல்ல. மனிதரோடு வாழத் தொடங்கிய பின் மாவுச்சத்தைச் செரிக்கும் மரபணு, ஓநாயைவிட நாய்க்குப் பல மடங்கு பெருகியிருப்பதை 2013-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் காட்டினார்கள். குழைய வெந்த சோறு நன்றாகவே செரிக்கும். குறை புரதத்தில் இருக்கிறது. வளர்ந்த நாயின் உணவில், ஈரம் நீக்கிய எடையில் குறைந்தது 18 சதவீதம் புரதம் வேண்டும். தயிர்சாதம் சுமார் 10 சதவீதத்தோடு நின்றுவிடும். வயிறு நிறையும், தசை மெலியும்.

ஆகவே முதல் வேலை பருப்பைக் கூட்டுவது. 100 கிராம் அரிசிக்கு 50 கிராம் துவரம்பருப்பு, 40 கிராம் மீல் மேக்கர் என்று வைத்தால் புரதம் 20 சதவீதத்தை ஒட்டி வரும். புரதத்தின் கூறுகளான அமினோ அமிலங்களில், அரிசியில் லைசின் குறைவு, பருப்பில் மெத்தியோனின் குறைவு. இரண்டும் சேரும்போது ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டும். பருப்பை இரவே ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். துத்தநாகத்தையும் இரும்பையும் உடலில் சேரவிடாமல் பிடித்துவைக்கும் பைட்டேட் ஓரளவு குறையும். மீல் மேக்கரை வெந்நீரில் ஊறவைத்து ஒட்டப் பிழிந்தால் வாயுத்தொல்லை குறையும். எல்லாவற்றையும் குக்கரில் விரலால் நசுங்கும்வரை வேகவிட்டு மசியுங்கள்; மலத்தில் பருப்பு முழுசாகத் தெரிந்தால் வேக்காடு போதவில்லை. ஒரு டீஸ்பூன் நல்லெண்ணெய், கொஞ்சம் பரங்கிக்காய், கடைசியில் தயிர். மிஞ்சிய சாம்பாரை மட்டும் ஊற்றாதீர்கள்: வெங்காயமும் பூண்டும் நாயின் ரத்த அணுக்களைச் சிதைக்கும்.

எவ்வளவு பக்குவமாகச் சமைத்தாலும் அடுப்பில் கிடைக்காதவை சில உண்டு. பி12 செடிகொடிகளில் இல்லை. வெயிலில் கிடந்தாலும் நாயின் தோல் தேவையான டி வைட்டமினை உண்டாக்காது. அரிசியிலும் பருப்பிலும் பாஸ்பரஸ் மிகுதி, கால்சியம் குறைவு. கேழ்வரகு மட்டும் இதைச் சரிக்கட்டாது. இதயத்துக்கு வேண்டிய டாரினை நாய் தானே செய்துகொள்ளும், ஆனால் அதற்கு மெத்தியோனின் போதிய அளவு வேண்டும். இவற்றுக்கான பவுடரையும் அளவையும் கால்நடை மருத்துவரே எழுதித் தரவேண்டும். மணவூர்க்காரர்கள் மின்சார ரயிலில் சென்னைக்குப் போனால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

மாமிசம் தின்னும் பிராணியை வதைக்கலாமா என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2024-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், கம்பெனி தயாரித்த சைவ உணவை ஓராண்டு உண்ட 15 நாய்கள் நலமாகவே இருந்தன. எண்ணிக்கை சிறியது, அந்த உணவில் சத்துகள் அளந்து சேர்க்கப்பட்டிருந்தன. வெறும் தயிர்சாதத்துக்கு அது சான்றாகாது. வளர்ந்த, நோயில்லாத நாய்க்குச் சைவம் கவனத்தோடு முடியும் என்பதே என் முடிவு. குட்டிக்கும், சினையாக உள்ள அல்லது பால் கொடுக்கும் நாய்க்கும் வேண்டாம். வீட்டார் ஒப்புக்கொண்டால் வேகவைத்த முட்டை பாதிக் கவலையைத் தீர்க்கும். பூனைக்கு இந்தச் சமையல் அறவே ஆகாது.

புதுச் சாப்பாட்டைப் பழையதோடு கால் பங்கில் தொடங்கி, பத்து நாளில் முழுதாக மாற்றுங்கள். மாதம் ஒருமுறை எடை, ஆறு மாதத்துக்கொரு ரத்தப் பரிசோதனை. சைவ உணவில் சிறுநீர் காரத்தன்மைக்கு மாறிக் கல் சேரலாம். நாய் முக்கினாலோ, சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.