பழைய கணினியைக் குறைந்த செலவில் வலுப்படுத்துதல்

கோலசிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்டங்களில், பிள்ளைகளின் படிப்பிற்கெனப் பிறர் பயன்படுத்திய மேசைக் கணினியை வாங்கி வைத்துள்ள குடும்பங்கள் உண்டு. 2020ஆம் ஆண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்து, பாடங்கள் வீட்டிலேயே நடந்தபொழுது அதன் தேவையை நாம் நன்கு உணர்ந்தோம். அத்தகைய கணினி இன்று ஊர்ந்து செல்லுமாயின், எதற்கு முதலில் பணம் செலவிடுவது என்பதை இங்குக் காண்போம்.

செயலி என்னும் புராசசர், மங்குகளிலிருந்து பால் சேர்க்கும் தொழிலாளியின் கை போன்றது. நினைவகம் அவர் தூக்கும் வாளி. வட்டு என்பது ஸ்டோர். கை எத்துணை விரைவாக இயங்கினும், வாளி சிறியதாயின் நிரையின் பாதியிலேயே ஸ்டோருக்கு நடந்து திரும்ப வேண்டும் அன்றோ? நினைவகம் போதாத கணினியும் இவ்வாறே ஓயாது வட்டுக்கு நடக்கின்றது. ஆகவே, எடுத்த எடுப்பில் செயலியைக் குறை கூறுதல் பொருந்தாது.

கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் விண்டோஸ் 10இல் ‘டாஸ்க் மேனேஜர்’ தோன்றும். அதன் ‘பெர்பார்மன்ஸ்’ பகுதியில் செயலியின் பெயர், நினைவகத்தின் அளவு, எத்தனை துளைகள் நிரம்பியுள்ளன என்னும் விவரங்கள் யாவும் உள. வேலை நடக்கும்பொழுது நினைவகம் பத்தில் ஒன்பது பங்கு நிரம்பியிருப்பின் அதுவே நோய். 4 ஜிபியை 8 ஜிபியாக்குதல் படிப்பு வேலைக்குப் போதுமானது. ஆயினும் 32 பிட் விண்டோஸ் ஏறத்தாழ 4 ஜிபிக்கு மேல் பயன்படுத்தாது; 64 பிட் வேண்டும். டிடிஆர்3, டிடிஆர்4 வகைகளின் வெட்டு வெவ்வேறு இடத்தில் இருப்பதால் ஒன்றன் துளையில் மற்றொன்று பொருந்தாது. மடிக்கணினியின் துண்டும் மேசைக் கணினிக்கு உதவாது. பழைய துண்டைக் கையோடு கடைக்குக் கொண்டு செல்வதே நலம்.

எஞ்சிய பணத்தில், சுழலும் வட்டுக்கு மாற்றாக எஸ்எஸ்டி வாங்குக. செயலிக்கு முன்னர் இதுவே தக்கது என்பது நம் கருத்து.

செயலியை மாற்றியே தீர வேண்டுமெனில், தாய்ப்பலகையின் இருக்கையை அறிதல் வேண்டும். இன்டெல் இரண்டாம் தலைமுறைச் செயலிக்கு 1155 முனை இருக்கை; நான்காம் தலைமுறைக்கு 1150. ஒன்று மற்றதில் அமராது. ஐ3-2100 உள்ள பலகையில் அதே தலைமுறை ஐ5-2400 அமரும். மையங்கள் இரண்டு நான்காகும். ஆனால் வெப்ப அளவு 65 வாட்டிலிருந்து 95 வாட்டாக உயர்வதால், விசிறி தாங்குமா எனக் கேட்டறிக. (பழைய இன்டெல் செயலிகள் பலவற்றின் மேல் ‘மலாய்’ எனப் பொறித்திருக்கும். 1972இல் இன்டெல் தன் முதல் வெளிநாட்டுத் தொழிற்சாலையைப் பினாங்கில்தான் தொடங்கியது!)

இன்னொன்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிவுற்றது. விண்டோஸ் 11, இன்டெல்லில் எட்டாம் தலைமுறைக்குக் குறைந்த செயலிகளைப் பொதுவாக ஏற்பதில்லை. 1155 இருக்கையில் எதை அமர்த்தினும் அத்தகுதி கிட்டாது. நினைவகத்தையும் எஸ்எஸ்டியையும் மாற்றி, விலையில்லாத லினக்ஸ் மின்ட்டை நிறுவினால் அக்கணினி இன்னும் சில ஆண்டுகள் படிப்புக்கு உதவும். கடைக்காரர் செயலிக்குக் கேட்கும் விலை, எட்டாம் தலைமுறைப் பழைய கணினி ஒன்றின் விலையில் பாதியை எட்டுமாயின் மறுத்துவிடுக.

நினைவகத்தை வீட்டிலேயே பொருத்தலாம். மின்கம்பியைப் பிடுங்கிய பின் இயக்கு பொத்தானைச் சில வினாடி அழுத்துக. பெட்டியின் உலோகத்தைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்சாரத்தைப் போக்குக. துண்டின் ஓரங்களை மட்டும் பிடித்து, வெட்டு பொருந்துமாறு, ‘டக்’ என்னும் ஒலி எழும்வரை இருபுறமும் சமமாக அழுத்துக. திரை ஒளிராவிடில் அஞ்ச வேண்டா. மீண்டும் மின்கம்பியைப் பிடுங்கி, துண்டைக் கழற்றி ஒருமுறை நன்கு பொருத்திப் பார்க்கவும்.