சர்வருக்குள் நுழைந்ததும் டீமக்ஸ்

அன்புள்ள கயல்விழிக்கு,

சர்வர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்திருப்பதாக எழுதியிருந்தாய். மிகவும் சந்தோஷம். முதலில் எதைச் செய்யட்டும் என்று கேட்டிருக்கிறாய். உன் பொறுப்பில் உள்ள ஒவ்வொரு சர்வரிலும் எஸ்.எஸ்.எச். வழியாக நுழைந்ததுமே டீமக்ஸ் என்ற ப்ரோகிராம் தானாகத் திறக்கும்படி செய்துவிடு.

வீட்டிலிருந்து ஒரு டேட்டாபேஸில் பெரிய மாற்றம் ஓட்டிக்கொண்டிருக்கிறாய் என்று வைத்துக்கொள். கரண்ட் போகிறது, வைஃபை அணைகிறது. இணைப்பு செத்துவிட்டதைச் சற்று நேரத்தில் உணரும் சர்வர், உன் டெர்மினலை மூடுகிறது. அதில் ஓடிக்கொண்டிருந்த ப்ரோகிராமுக்கு ஹேங்அப் சிக்னல் போகிறது. பெரும்பாலான ப்ரோகிராம்கள் அதோடு பாதியில் நின்றுவிடும். டீமக்ஸுக்குள் ஓட்டியிருந்தால் அவற்றுக்கு டெர்மினலாக இருப்பது சர்வரிலேயே பின்னணியில் ஓடும் டீமக்ஸ்தான். அறுபடுவது உனக்கும் அதற்கும் நடுவில் உள்ள தொடர்பு மட்டும். திரும்ப நுழைந்தால் வேலை ஓடிக்கொண்டே இருக்கும்.

இது புதிய யோசனையும் அல்ல. இதே வேலையைச் செய்யும் ஸ்கிரீன் என்ற ப்ரோகிராம் 1987-லேயே வந்துவிட்டது. நிக்கோலஸ் மாரியட் 2007-இல் டீமக்ஸைத் தொடங்கினார்.

"தேவைப்படும்போது திறந்துகொள்கிறேனே" என்பாய். நீண்ட வேலை என்று முன்பே தெரிந்தால் எவரும் திறப்பார்கள். இரண்டே நிமிடம் என்று நம்பித் தொடங்கும் அப்டேட்தான் மாட்டிவிடும். ஓடத் தொடங்கிய வேலையைப் பிறகு டீமக்ஸுக்குள் நகர்த்துவது எளிதல்ல. அதனால்தான் நினைவை நம்பாதே என்கிறேன். உபுண்டுவைப் புதிய பதிப்புக்கு உயர்த்தும் கருவிகூட சர்வரில் ஸ்கிரீனுக்குள்தான் ஓடுகிறது.

பேஷ்ஆர்சி கோப்பின் கடைசியில் சில வரிகள் சேர்த்தால் போதும். ஆனால் டீமக்ஸைத் திறக்குமுன் மூன்று விஷயங்களை அந்த வரிகள் சோதிக்க வேண்டும்: ஷெல்லில் ஆள் உட்கார்ந்து வேலை செய்கிறாரா, எஸ்.எஸ்.எச். வழியாக வந்தாரா, ஏற்கெனவே டீமக்ஸுக்குள் இருக்கிறாரா. முதல் சோதனையை விட்டால் எஸ்.சி.பி., ஆர்சிங்க் எல்லாம் இடறும். நியூ-செஷன் கட்டளையோடு பெரிய எழுத்து ஏ-யைச் சேர்த்துக்கொள்; நீ கொடுக்கும் பெயரில் செஷன் இருந்தால் அதில் சேரும், இல்லாவிட்டால் புதிதாகத் தொடங்கும். எக்ஸெக் போட்டு எழுதாதே. டீமக்ஸ் திறக்க மறுக்கும் நாளில் நீயே உள்ளே போக முடியாது.

இன்னொன்றையும் பார்த்துவிடு. சர்வரில் சேவைகளை இயக்கும் சிஸ்டம்டி, 2016-இல் வந்த 230-ஆம் பதிப்பில், பயனர் வெளியேறியதும் அவருடைய ப்ராசஸ்கள் எல்லாவற்றையும் கொல்வதை இயல்பாக்கியது. டீமக்ஸும் அதில் அடிபடும். டெபியன் போன்ற லினக்ஸ் வகைகள் அதை ஏற்கவில்லை. உன் சர்வரில் சிஸ்டம்டியின் லாகின்டி அமைப்பு எப்படியிருக்கிறது என்று படித்துப் பார்.

சர்வர் ரீபூட் ஆனால் டீமக்ஸும் போய்விடும். எப்போதும் ஓட வேண்டிய சேவையை அதற்குள் வைக்காமல் சிஸ்டம்டியிடம் கொடு. ரூட் ஷெல்லை உள்ளே திறந்து வைத்துவிட்டுப் போகவும் கூடாது. நீ போன பிறகும் அது திறந்தே கிடக்கும்.

முதலில் ஒரு டெஸ்ட் சர்வரில் செய். இன்னொரு இணைப்பைத் திறந்து வைத்துக்கொண்டு கோப்பை மாற்று. பிறகு நீளமான ஒரு கட்டளையை ஓடவிட்டு, வைஃபையை நீயே அணைத்துப் பார். சரியாக வந்த பிறகு மற்ற சர்வர்களுக்குக் கொண்டுபோ. எங்கே சிக்கினாலும் உடனே எழுது.

அன்புடன்,
மாமா