பொய்ப் புறங்காட்டல்

போர்க்களத்தில் புறங்காட்டுதல் வீரர்க்கு இழுக்கு என்பர். அப்புறங்காட்டலையே படைக்கலமாகக் கொண்டு வென்றோரும் உளர். நடு ஆசியப் புல்வெளிகளினின்று மேற்கே பரவிய துருக்கியக் குதிரை வீரர் அத்தகையோர்.

மரமும் கொம்பும் விலங்கின் நரம்பும் சேர்த்து ஒட்டிய குறுவில் அவர்தம் படைக்கலம். ஓடும் குதிரைமீது அமர்ந்தவாறே பின்புறம் திரும்பி அம்பெய்தல் அவர்க்குக் கைவந்த கலை. பகைவர் அணிவகுத்து வருங்கால் அவர் நெருங்கிப் பொருதலைத் தவிர்த்து, அம்பு தூவிக்கொண்டே பின்னிடுவர். வெற்றி கிட்டியதெனப் பகைவர் துரத்துவர். விரைந்த குதிரை முந்தும், தளர்ந்த குதிரை பிந்தும், அணி சிதறும். அந்நிலையில் ஓடியோர் திரும்புவர். மறைந்திருந்தோர் இருமருங்கும் வளைத்துக்கொள்வர். இச்சூழ்ச்சியின் உயிர்நிலை ஓடுவோரின் நடிப்பில் இல்லை. துரத்துவோரின் பதற்றத்திலேயே உள்ளது.

கான்சுடாண்டிநோபிளைத் தலைநகராகக் கொண்ட பைசாந்தியர் இதனை அறியாதவரல்லர். 582 முதல் 602 வரை ஆண்ட மோரிசு என்னும் பேரரசன் பெயரால் வழங்கும் படைநூல் ஒன்று இச்சூழ்ச்சியை விளக்கி எச்சரிக்கிறது. ஒரு சாரார் துரத்த, மற்றொரு சாரார் அணி குலையாமல் அவர்க்குக் காப்பாகப் பின்தொடர வேண்டும் என்பது அந்நூலின் விதி. 970ஆம் ஆண்டில் பைசாந்தியத் தளபதி பர்தாசு சிக்லேரசு தானே இச்சூழ்ச்சியைக் கையாண்டு, வடக்கிருந்து வந்த உருசுப் படையினரை முறியடித்தான்.

இவ்வளவும் கற்றிருந்த அரசின் படை, 1071ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26ஆம் நாள், வான் ஏரிக்கு வடக்கேயுள்ள மான்சிக்கேர்ட்டில் செல்சூக்குத் துருக்கியரை எதிர்த்தது. பைசாந்தியர்க்குப் பேரரசன் நான்காம் உரோமானசும், துருக்கியர்க்குச் சுல்தான் ஆல்ப் அர்சலானும் தலைவர். துருக்கியர் வழக்கம்போல் பிறைவடிவில் விலகிப் பின்னிட்டனர். உரோமானசு மாலைவரை முன்னேறினான். கைக்கு எட்டிய பகைவரோ மிகச் சிலர். கதிரவன் சாயும் வேளையில், காவலின்றி விட்டுவந்த தன் பாசறையை எண்ணிப் படையைத் திருப்ப ஆணையிட்டான். அரசக்கொடி திரும்பியது.

தொலைவில் நின்ற பிரிவினர் அதனைத் தோல்வி என்று கருதினர். மன்னன் வீழ்ந்தான் என்ற வதந்தியும் பரவியது. பகைவரின் பொய்யோட்டம் செய்யாத கேட்டினைத் தம் மன்னனின் மெய்யான திரும்புதல் செய்துவிட்டது! அணி குலையாது நின்று காத்திருக்க வேண்டிய பின்படையோ களத்தை விட்டே அகன்றது. அதன் தலைவன் அந்திரோனிகசு தூகாசு, மன்னனுக்கு மாறான குடும்பத்தினன். படையுடன் சென்றிருந்த நீதிபதி மிக்கேல் அத்தலியாத்தெசு, தம் வரலாற்று நூலில் அவன்மீதே பழி சுமத்துகிறார். அவர் உரோமானசின் அன்பரே எனினும், அக்கூற்றை எளிதில் தள்ளுதற்கில்லை.

துருக்கியர் திரும்பிச் சூழ்ந்தனர். குதிரையை இழந்து, கையிலும் புண்பட்ட உரோமானசு சிறைப்பட்டான். சுல்தான் அவனை மதிப்புடன் நடத்திச் சில நாட்களில் விடுவித்தான். அவன் நாட்டாரோ 1072இல் அவன் கண்களைப் பறித்தனர். அப்புண்ணாலேயே அவன் மாண்டான்.

பழைய விதிக்கு உயிர் வந்தது 1116ஆம் ஆண்டில். அவ்வாண்டு முதலாம் அலெக்சியசு என்னும் பேரரசன் துருக்கியர் நாட்டினுட் புகுந்து மீண்டான். அவனுடன் போந்த குடிமக்கள் நடுவில் நடக்க, படையினர் அவரைச் சூழ்ந்து நெருக்கமாக அணிவகுத்துச் சென்றனர். துருக்கியர் முன்னும் பின்னும் தாக்கினர், விலகி ஓடினர், மீண்டும் தாக்கினர். படை அணி குலையவில்லை. இறுதியில் சுல்தான் சமாதானம் வேண்டினான்.